கதிர்வீச்சுக்குப் பிறகு குடல் அறுவை சிகிச்சை: புண் நன்றாக ஆறுவதற்கான படிகள், வரிசைப்படி

என் அண்ணனுக்கு மலக்குடலில் புற்றுநோய். 28 நாள் கதிர்வீச்சு, கூடவே கேபெசிட்டபின் என்ற கீமோ மாத்திரை, இரண்டரை மாதம் கழித்து அறுவை சிகிச்சை. கூட இருந்து பார்த்துக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு இதே வழியில் வந்த நான்கைந்து குடும்பங்களுக்கும் துணையாக நின்றிருக்கிறேன்.

எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கதிர்வீச்சு முடிந்ததற்கும் அறுவைக்கும் நடுவில் உள்ள வாரங்களை ஓய்வு என்று நினைத்துப் படுக்கையில் கழித்துவிடுகிறார்கள். புண் ஆறுமா ஆறாதா என்பதில் நம் பங்கில் பெரும்பகுதி அந்த வாரங்களில்தான் இருக்கிறது. கத்தி பிடிப்பதும் மருந்து முடிவு செய்வதும் மருத்துவர் வேலை. வீட்டில் செய்ய வேண்டியதையும் அவரிடம் கேட்க வேண்டியதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. கதிர்வீச்சு குடலுக்கு என்ன செய்திருக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. அதனால் இது முதலில்.

வெட்டிய இரண்டு குடல் முனைகளைச் சேர்த்துத் தைத்தால், அந்த இணைப்பு ஆறுவதற்கு ரத்தம் வேண்டும். கதிர்வீச்சு கட்டியைச் சுருக்கும்போதே, பக்கத்தில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் தடிக்கச் செய்கிறது. குழாய் குறுகுகிறது. திசு மெல்ல மெல்ல நார் பாய்ந்து விறைப்பாகிறது. காயத்தை ஒட்டவைக்கும் செல்களும் மந்தமாகின்றன.

இரண்டு விதமான பாதிப்பைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கும் எரிச்சலும் வீக்கத்தால் வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ரத்தக் குழாய் குறுகுவதும் நார் பாய்வதும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்பவை. எப்போதோ கதிர்வீச்சு எடுத்தவருக்கு இப்போது குடல் அடைப்புக்காக அறுவை என்றால், "அதுதான் பழைய கதையாயிற்றே" என்று விட்டுவிட முடியாது. மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

2. காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கதிர்வீச்சுப் பிரிவில் கேட்டால் சிகிச்சை முடிந்ததற்கான சுருக்க அறிக்கை தருவார்கள். மொத்த அளவு எத்தனை கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), எத்தனை தவணை, எந்தப் பகுதிக்கு, கடைசித் தவணை என்றைக்கு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். குடலில் எந்தப் பகுதி கதிர் வாங்கியது, எது வாங்கவில்லை என்பதை வைத்துத்தான் அறுவை நிபுணர் எங்கே வெட்டி எங்கே இணைப்பது என்று முடிவு செய்வார்.

கூடவே இரண்டு பட்டியல். தினமும் சாப்பிடும் எல்லா மருந்துகளும் ஒன்றில். சத்து மாத்திரை, மூலிகைப் பொடி உட்பட. கடந்த ஆறு மாதத்து எடை இன்னொன்றில். எடை குறித்து வைக்கவில்லை என்றால் பழைய மருத்துவச் சீட்டுகளைப் புரட்டுங்கள், எங்காவது எழுதியிருப்பார்கள்.

3. எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணுங்கள்

மலக்குடலுக்கு இரண்டு முறைகள் வழக்கம். நீண்ட முறையில் 45 முதல் 50.4 கிரே வரை, 25 முதல் 28 தவணைகளாக, ஐந்தாறு வாரங்களில். குறுகிய முறையில் தினம் 5 கிரே வீதம் ஐந்தே நாளில் 25 கிரே.

நீண்ட முறைக்குப் பிறகு பொதுவாக 6 முதல் 12 வாரம் இடைவெளி விடுவார்கள். குறுகிய முறையில் ஒரு வாரத்துக்குள்ளேயே அறுவை செய்வதும் உண்டு, 4 முதல் 8 வாரம் தள்ளிச் செய்வதும் உண்டு. சுவீடனில் நடந்த ஸ்டாக்ஹோம் 3 என்ற ஆய்வில், குறுகிய முறைக்குப் பின் தள்ளிச் செய்தவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைவாகவே வந்தன. நடுவில் கீமோ சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

தேதியை மருத்துவரிடமே கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் வாரங்களைக் குறியுங்கள். கீழே உள்ள படிகளை அவற்றுக்குத் தேவைப்படும் கால அளவை வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். புகையிலை முதலில் வருவது அதனால்தான். நீதி சொல்வதற்காக அல்ல.

காத்திருக்கும்போது வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் நின்றுபோனாலோ, நிறைய ரத்தம் போனாலோ தேதியைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. புகையிலை, மது: இன்றைக்கே

குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். 8 வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கனவே குறுகிய குழாயில் இது இரண்டாவது அடி.

அண்ணன் "குறைத்துவிட்டேன், நாளைக்கு ரெண்டுதான்" என்று மூன்று வாரம் ஓட்டினார். குறைப்பது நிறுத்துவதாகாது. மென்று துப்பும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான். தானாக விட முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

மதுவுக்கும் அதே 4 வாரம். தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது; நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

5. ரத்தமும் சர்க்கரையும்

ஹீமோகுளோபின் 13க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குடல் கட்டியில் ரத்தம் கசிந்து கசிந்து இரும்புச்சத்து காலியாகியிருப்பது சகஜம். உடம்பில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும்.

இரும்பு மாத்திரை வேலை செய்ய நாளாகும், வயிற்றையும் படுத்தும். வாரங்கள் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாமா என்று கேட்கலாம். கடைசி நேரத்தில் ரத்தம் ஏற்றிச் சமாளிப்பதைவிட முன்பே சரிசெய்வது மேல். இந்தப் பரிசோதனையை அறுவைக்கு நான்கு நாள் முன்னால்தான் எடுக்கிறார்கள் பலர். அப்போது எண் தெரிந்து என்ன பயன்?

சர்க்கரை நோயாளி என்றால், கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். 8க்கு மேல் இருந்தால் அறுவைக் குழுவுக்கு அப்போதே தெரிய வேண்டும். சர்க்கரை ஏறினால் கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சோம்பிவிடும். அறுவை நாட்களில் 180 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள்.

6. எடையும் புரதமும்

எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். நாங்கள் தவறு செய்ததும் இங்கேதான்.

கதிர்வீச்சின்போது வயிற்றுப்போக்கு. அதனால் நார்ச்சத்து குறைவான, நீர்த்த ஆகாரம் கொடுக்கச் சொன்னார்கள். சரியான ஆலோசனைதான். ஆனால் வயிறு அடங்கிய பிறகும் பயத்தில் அதையே தொடர்ந்தோம். ஐந்து வாரத்தில் அண்ணன் ஆறு கிலோ இளைத்தார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "நோய் உருக்குது" என்றார்கள். உருக்கியது நோய் பாதி, நாங்கள் பாதி.

புண் ஒட்டுவது கொலாஜன் என்ற புரதத்தால். உடம்புக்குப் புரதம் வரவில்லை என்றால் சொந்தத் தசையைக் கரைத்துத்தான் எடுக்கும். அதனால் கணக்கு இப்படி: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 25 முதல் 30 கலோரி. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று மேல். கூட்டிப் பார்த்தால் தெரியும், "நல்லாத்தான் சாப்பிடுறார்" என்ற நம் எண்ணம் எவ்வளவு தூரம் பொய் என்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

மூன்று வேளை நிறையப் போடாமல் ஐந்தாறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கதிர் பட்ட குடல் ஒரேயடியாக வரும் உணவைத் தாங்காது. தட்டில் முதலில் புரதம், வயிற்றில் இடம் மிச்சமிருந்தால் மற்றது. சிலருக்குக் கதிர்வீச்சுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போகும். பால் குடித்தால் உப்பிப் பொருமுகிறது என்றால் பாலை நிறுத்தி வேறு புரதத்துக்குப் போங்கள். ஒட்டுமொத்தமாகச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை போயிருந்தாலோ, உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) 18.5க்குக் கீழ் இருந்தாலோ, ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 3க்குக் கீழ் இருந்தாலோ அது ஆபத்துக் கோடு. அந்த நிலையில் அறுவையைத் தள்ளிவைத்து 7 முதல் 14 நாள் ஊட்டச்சத்து சிகிச்சை கொடுப்பது ஏற்கப்பட்ட வழக்கம். வாயால் போதவில்லை என்றால் குழாய் வழியாகவும் கொடுப்பார்கள். தேதி தள்ளிப்போகிறதே என்று குடும்பம் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிடிக்க வேண்டாம்.

அல்புமின் பற்றி இன்னொன்று. உடம்பில் அழற்சி இருந்தாலும் அது இறங்கும். அல்புமின் ஊசியைப் போட்டு எண்ணை ஏற்றிவிட்டால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை.

துத்தநாகம், வைட்டமின் சி மாத்திரைகளை அள்ளிப் போடாதீர்கள். குறைபாடு இருந்தால்தான் பலன். கதிர்வீச்சு நடக்கும்போது அதிக அளவு ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் சாப்பிடுவதைப் புற்றுநோய் மருத்துவர்கள் விரும்புவதில்லை.

7. நடை, மூச்சு

தினமும் நடக்க வேண்டும். பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற வேகம். அரை மணி முடியாது என்றால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது தொடைத் தசைக்கு. சாப்பிட்ட புரதம் தசையாக மாறுவது உடற்பயிற்சி இருந்தால்தான். அதனால்தான் இந்தப் படி ஆறுக்குப் பிறகு வருகிறது.

ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியையும் இப்போதே பழக வேண்டும். வயிற்றில் தையலோடு புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

8. மருந்துகள்

பட்டியலைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இதை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும்?

கீமோவில் பெவாசிசுமாப் இருந்ததா என்பது முக்கியமான கேள்வி. புது ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. அதற்கும் அறுவைக்கும் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். பலர் 6 வாரம் விடுகிறார்கள். புற்றுநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் வேறு வேறு மருத்துவமனைகளில் இருந்தால் இந்தத் தகவல் நடுவில் தொலைந்துபோகும். எடுத்துப் போக வேண்டியது நாம்தான்.

ஸ்டீராய்டு எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளும் அப்படியே. தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. அறுவை நிபுணரிடம் உட்கார்ந்து பேச வேண்டியவை

"எல்லாம் நீங்க பார்த்துக்குங்க டாக்டர்" என்று கும்பிட்டுவிட்டு வருவதுதான் நம் வழக்கம். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் வந்தோம். இரண்டாவது தடவை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனோம். அவர் கோபப்படவில்லை, படம் வரைந்து விளக்கினார்.

முதல் கேள்வி, இணைக்கும் இரண்டு முனைகளில் ஒன்றாவது கதிர் படாத குடலாக இருக்குமா? கதிர் பட்ட முனையோடு கதிர் பட்ட முனையைத் தைப்பதுதான் மிகவும் ஆபத்தான இணைப்பு. மலக்குடல் அறுவையில் மேலே இடப்பக்கம் மண்ணீரலுக்கு அருகே உள்ள வளைவை விடுவித்து, கதிர் படாத பெருங்குடலைக் கீழே இழுத்து வருவார்கள். இழுவிசை இல்லாமல் தளர்வாக வந்து சேர்ந்தால்தான் ரத்த ஓட்டம் குறையாமல் இருக்கும்.

இரண்டாவது, தற்காலிக ஸ்டோமா வைப்பீர்களா? சிறுகுடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, மலத்தைப் பையில் விழச் செய்வது. இதைக் கேட்டதும் வீட்டில் அழுகை. ஆனால் கீழே உள்ள இணைப்பு மலம் படாமல் ஆறுவதற்கு அவகாசம் கொடுப்பது அதுதான். சுவீடனில் 234 பேரைக் கொண்டு நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், தாழ்வான இணைப்புக்கு மேலே ஸ்டோமா வைத்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கும் அறிகுறியோடு கசிவு வந்தது. ஸ்டோமா கசிவை முழுதாகத் தடுக்காது. வந்தாலும் உயிருக்கு வரும் ஆபத்தைக் குறைக்கும். பை எந்த இடத்தில் வர வேண்டும் என்று முன்பே தோலில் குறிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்துக் குறிக்க வேண்டும். மடிப்பில் வந்தால் தினமும் பை ஒழுகும்.

மூன்றாவது, ரத்த ஓட்டத்தை எப்படிச் சோதிப்பீர்கள்? வெட்டிய முனையில் ரத்தம் துளிர்க்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை நரம்பில் செலுத்தி, தனிக் கேமராவில் குடல் ஒளிர்வதைப் பார்க்கும் முறையும் உண்டு. எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. இல்லை என்றால் இடிந்துபோக வேண்டியதில்லை.

நான்காவது, ஆசனவாயையே எடுத்துவிடும் அறுவை என்றால், பின்புறப் புண்ணை எப்படி மூடுவீர்கள்? கதிர் பட்ட தோலை இழுத்துத் தைத்தால் பிரிந்துகொள்வது அடிக்கடி நடக்கும். வயிற்றிலிருந்தோ புட்டத்திலிருந்தோ ரத்த ஓட்டமுள்ள தசை மடலை எடுத்து வைத்து மூடலாம். அதற்கு பிளாஸ்டிக் சர்ஜன் கூட வேண்டியிருக்கும் என்பதால் முன்பே பேச வேண்டும்.

இடையில் ஒரு விஷயம். அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். இயல்பைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேலான அழுத்தத்தில், ஒன்றரை மணி நேரம் வீதம், 20 முதல் 40 தடவை. கதிர்வீச்சால் வந்த பழைய சிறுநீர்ப்பைப் புண்ணுக்கு ஆய்வில் பலன் தெரிந்தது. குடல் பாதிப்புக்கு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. குடல் இணைப்பு ஆறுவதற்கு முன்கூட்டியே எடுப்பது நிரூபணமான வழி அல்ல. என்னைக் கேட்டால், மேலே 4 முதல் 8 வரை உள்ள ஐந்து படிகளை விட்டுவிட்டு இதற்கு ஓடுவது தலைகீழான வேலை.

10. கடைசி 24 மணி நேரம்

குடலைச் சுத்தம் செய்யும் மருந்தோடு வாயால் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் தந்தால், அதைத் தவறாமல் சொன்ன நேரத்தில் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தால் புண்ணில் கிருமி குறைகிறது. பேதி ஆகும்போது உப்பு, சர்க்கரை கலந்த நீரைக் குடிக்கச் செய்யுங்கள்.

பல இடங்களில் அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிவான திரவம் அனுமதிக்கிறார்கள். உங்கள் மயக்க மருத்துவர் சொல்வதே கணக்கு. அவர் அனுமதித்திருந்தும் முந்தைய நாள் மதியத்திலிருந்து பட்டினி போடுவது வீட்டார் செய்யும் வேலை.

11. முதல் பத்து நாள்: கசிவைக் கண்டுபிடிப்பது

இணைப்பில் கசிவு வந்தால் பெரும்பாலும் அறுவை முடிந்து 5 முதல் 10 நாளுக்குள் தெரியும். முதல் நாளிலிருந்தே நாடித்துடிப்பு, காய்ச்சல், வலி, சாப்பிட்ட அளவு, காற்று பிரிந்ததா என்பதை ஒரு நோட்டில் எழுதினேன். வார்டில் ஷிப்ட் மாறும், நோட்டு மாறாது.

காய்ச்சலுக்காகக் காத்திருப்பதுதான் பெரிய தவறு. காரணமில்லாமல் நாடி 100க்கு மேல் ஏறி அங்கேயே நிற்பது பல சமயம் முதலில் வரும். நேற்றுச் சாப்பிட்டவர் இன்று சாப்பாட்டைப் பார்த்ததும் முகம் சுளிப்பார், வயிறு உப்பும், மூச்சு வாங்கும், பிதற்றலும் வரலாம். வடிகுழாயில் வரும் நீர் கலங்கலாகவோ மல நிறத்திலோ மாறினால் உடனே கூப்பிடுங்கள். "ஏதோ சரியில்லை, நேற்று மாதிரி இல்லை" என்பதும் சொல்லத் தக்க அறிகுறிதான்.

உடம்பில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனையும் உதவும். அறுவைக்குப் பிறகு அது ஏறி, மூன்றாம் நாளுக்கு மேல் இறங்க வேண்டும். நான்காம், ஐந்தாம் நாளில் 150க்கு மேல் நின்றாலோ மறுபடி ஏறினாலோ சிடி ஸ்கேன் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

மறுநாளே எழுந்து நடக்க வைக்கும்போது "தையல் பிரிந்துவிடும்" என்று தடுக்காதீர்கள். நடப்பதால் உள்ளே இருக்கும் இணைப்பு பிரியாது. படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும், சளி கட்டும். வலி மாத்திரையை மட்டும் வெளியிலிருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவற்றுக்கும் குடல் கசிவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆசனவாய் வழியாக மாத்திரை, எனிமா, வெப்பமானி எதுவும் அறுவைக் குழுவைக் கேட்காமல் கூடாது.

12. பின்புறப் புண் இருந்தால்

நேராக உட்கார வைக்காதீர்கள். முதல் வாரங்களில் பக்கவாட்டில் படுப்பது, நிற்பது, நடப்பது. உட்கார அனுமதித்த பிறகும் சில நிமிடங்களாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையை அன்போடு வாங்கி வருவார்கள் உறவினர்கள். வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள புண்ணை விரித்து, அங்கே போகும் ரத்தத்தைக் குறைக்கும். தட்டையான மெத்தென்ற தலையணை போதும்.

கதிர் பட்ட இடத்தில் இந்தப் புண் ஆற மாதங்கள்கூட ஆகலாம். மெல்ல ஆறுவது தோல்வி இல்லை. நாற்றமடிக்கும் சீழ், புது ரத்தம், சிறுநீரோ மலமோ புண் வழியாக வருவது ஆகியவைதான் ஓட வேண்டிய அறிகுறிகள்.

13. பையோடு வீட்டில்

சிறுகுடல் ஸ்டோமாவில் வெளியேறுவதை அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 1500 மில்லியைத் தாண்டினால் அதிகம். உடம்பில் உப்பும் நீரும் வற்றி, சிறுநீரகம் பாதிக்கும். ரத்த ஓட்டம் குறைந்து புண்ணும் தவிக்கும்.

தாகமாக இருக்கிறதே என்று வெறும் தண்ணீராகக் கொடுப்பது எல்லோரும் செய்யும் பிழை. வெறும் தண்ணீர் குடலுக்குள் உப்பை இழுத்துக்கொண்டு வெளியே போகும், பை இன்னும் வேகமாக நிறையும். ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வெளியேறுவதைக் குறைக்கும் லோபெரமைடு மாத்திரை தருவதா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு 28 நாள் வரை எழுதிக் கொடுப்பதுண்டு. வீட்டுக்கு வந்தபின் அதை மறந்துவிடுகிறார்கள். ஆறாம் படியின் புரதக் கணக்கும் இன்னும் முடியவில்லை, குறைந்தது இரண்டு மாதத்துக்குத் தொடர வேண்டும்.

14. பையை மூடும் முன்

பொதுவாக 8 முதல் 12 வாரத்துக்குப் பிறகு மூடுவார்கள்; கீமோ இருந்தால் அது முடிந்த பிறகு. நாள் ஆகிவிட்டது என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. கதிர் பட்ட இணைப்பில் ஒரு மாதம் கழித்தும் கசிவு வெளிப்படலாம். இடுப்புக்குள் மந்தமான வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆசனவாயில் சீழ் என்று சத்தமில்லாமல் வரும்.

அதனால் மூடும் முன் விரலால் சோதித்து, உள்நோக்கியிலோ நீரில் கரையும் சாயம் செலுத்தி எடுக்கும் படத்திலோ இணைப்பு முழுதாக ஆறியிருக்கிறதா, சுருங்கிப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய பிறகு முதல் மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவைகூட மலம் வரலாம், அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கலாம். மலக்குடலின் பெரும்பகுதி போய்விட்டதால் சேர்த்து வைக்க இடமில்லை; கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூடுவதற்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிட்டால் சுலபம். அண்ணனுக்கு ஓரளவு சீராக ஒரு வருடம் பிடித்தது. முதல் மூன்று மாதம் அவர் வெளியே கிளம்பினால், மாற்று உடை வைத்த பையோடு நானும் கிளம்புவேன்.